பால் கணக்கு நோட்டில் நன்றிக்கும் ஒரு வரி: எளிய வாழ்க்கைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அன்றாடம் நன்றி தோன்றும் விஷயங்களைக் குறித்துவைக்கும் நன்றி நாட்குறிப்பை முதல் தடவை எழுத உட்கார்ந்தபோது அதற்கென்றே 450 ரூபாய்க்கு ஒரு டைரி வாங்கினேன். கெட்டி அட்டை, பட்டு நாடா, பக்கத்துக்கு ஒரு பொன்மொழி. 'குடும்பம், ஆரோக்கியம், வேலை' என்று எழுதினேன். மறுநாளும் 'குடும்பம், ஆரோக்கியம், வேலை.' வகுப்பில் ஆஜர் எடுப்பது மாதிரி இருந்தது. பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் டைரி அலமாரிக்குள் போய்விட்டது. பொருள்களைக் குறைத்து எளிமையாக வாழலாம் என்று தொடங்கிய காரியத்தில் வீட்டில் ஒரு பொருள் கூடியதுதான் மிச்சம்.

இரண்டாவது தடவை அது தானாக ஒட்டிக்கொண்டது. எங்கள் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பால் கணக்கு நோட்டு தொங்கும். அதிலேயே நூலில் கட்டிய பேனா. ஒரு மழைநாள் காலையில் 'பால் 2, தயிர் 1' என்று எழுதிவிட்டு, அதன் கீழே 'இந்த மழையிலும் 5.40க்கு வந்துவிட்டார்' என்று கிறுக்கினேன். எதற்கு எழுதினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் நான் எழுதிய முதல் உருப்படியான நன்றிக் குறிப்பு அதுதான். மூன்று வருடம் ஆகிறது, இன்னும் எழுதுகிறேன்.

அந்த நோட்டிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாடம்: இதைப் பிரார்த்தனை மாதிரி எழுதினால் சலித்துப்போகும், கணக்கு மாதிரி எழுதினால் நிற்கும். யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், எத்தனை மணிக்கு, அவருக்கு அதில் என்ன செலவு. கீழே சொல்வதெல்லாம் இதை ஒட்டித்தான்.

முதலில், இது எதைச் செய்யும், எதைச் செய்யாது

2003ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து வாரம் ஒருமுறை, பத்து வாரம் எழுதச் சொன்னார்கள். ஒரு குழு நன்றி தோன்றிய விஷயங்களை எழுதியது, அதிகபட்சம் ஐந்து. இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. மூன்றாவது குழு சும்மா நடந்ததை எழுதியது. நன்றி எழுதியவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள், உடம்பு உபாதைகளையும் குறைவாகச் சொன்னார்கள்.

இங்கே 'கொஞ்சம்' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. 2020ல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இதனால் கிடைக்கும் பலன் சிறியதுதான் என்று தெரிந்தது. ஆகவே வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், சோறு இறங்காமல், மனம் கனத்துக் கிடப்பவர்கள் நோட்டை நம்பி உட்கார வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

நோட்டு வாங்காதீர்கள்

பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் முழுப் பரீட்சை முடிந்ததும் பாதி எழுதிய நோட்டுகள் நாலைந்து கிடக்கும். எழுதாத தாள்களைப் பிரித்து அடுக்கி, கோணி ஊசியால் மூன்று இடத்தில் துளை போட்டுத் தடித்த நூலால் தைத்தால் ஒரு ரஃப் நோட்டு தயார். மேலட்டைக்கு, போன வருடத்துத் தினசரி காலண்டரின் அட்டை. என் அப்பா மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கே ஒதுக்குவார். கணக்கு நோட்டுத் தாளும் கோடு போட்ட தாளும் கலந்து வரும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

புத்தாண்டுக்கு இனாமாக வந்த டைரி இருக்கிறதே என்று தோன்றும். நாள் அச்சிட்ட டைரி மட்டும் வேண்டாம். விட்டுப்போன ஒவ்வொரு நாளும் வெள்ளைப் பக்கமாகப் பல்லைக் காட்டும். நாலு வெள்ளைப் பக்கம் சேர்ந்தாலே அந்த டைரியைத் திறக்கக் கூச்சமாகிவிடும். சாதாரண நோட்டில் நீங்களே தேதி போட்டுக்கொண்டால் இருபது நாள் இடைவெளியும் கண்ணில் படாது.

போனில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. என்னால் முடியவில்லை. எழுதத்தான் திறப்பேன், அரைமணி நேரம் கழித்து யாரோ ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அப்புறம் எங்கே நன்றி வரும்? கண் சரியில்லாதவர்களுக்கும் எழுத்துப் பழக்கம் விட்டுப்போனவர்களுக்கும் மட்டும் போன் நல்லது. வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பிக்கொள்ளலாம்.

ஆணியை எங்கே அடிப்பது

'நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்' என்றால் எழுதப்போவதில்லை என்று அர்த்தம். ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையின் வாலில் இதைக் கட்டிவிட வேண்டும். எனக்கு அது இரவு கேஸ் ரெகுலேட்டரை மூடும் வேலை. மூடுகிறேன், கையை நீட்டினால் நோட்டு. உங்களுக்கு அது வாசல் கதவைத் தாழிடுவதாக இருக்கலாம், சர்க்கரை மாத்திரை போடுவதாக இருக்கலாம், ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்காருவதாகவும் இருக்கலாம். நோட்டு அந்த வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், பேனா அதிலேயே கட்டியிருக்க வேண்டும். பேனாவைத் தேடி அடுத்த அறைக்குப் போகிறவர் திரும்பி வருவதில்லை.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் சகாக்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரு செயல் கை தானாகச் செய்யும் நிலைக்கு வர நடுவாக 66 நாள். ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒருநாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பில்லை என்பதையும் பார்த்தார்கள். எனக்குத் தோராயமாக மூன்று மாதம் பிடித்தது. ஆகவே 22ஆம் நாள் அலுப்பாக இருந்தால் உங்களிடம் கோளாறு இல்லை.

தினமுமா, வாரம் ஒருமுறையா

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் குழுவினர் ஆறு வாரம் சிலரை வாரம் ஒருமுறையும் சிலரை வாரம் மூன்று முறையும் நன்றி எழுத வைத்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான். அடிக்கடி எழுதினால் சடங்காகிவிடுகிறது என்று நினைக்கிறேன். தலையில் வைத்த மல்லிகைப் பூவின் வாசனை வைத்தவளுக்குக் கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போவதில்லையா, அப்படி.

ஆனால் வாரம் ஒருமுறை என்றால் ஆரம்பத்தில் மறந்துபோகும். அதனால் நான் இப்படி வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு மாதம் தினமும், ஒரே ஒரு வரி. அதற்கு மேல் எழுத ஆசை வந்தாலும் எழுதக் கூடாது. கை பழகிய பிறகு செவ்வாயும் வெள்ளியும் மட்டும், மூன்று குறிப்பு வரை. விளக்கேற்றும் நாள் என்பதால் மறக்காது. உங்களுக்கு ஞாயிறு வசதி என்றால் ஞாயிறு. பத்து விஷயம் எழுதுங்கள் என்று சொல்லும் வழிகாட்டிகளை நம்பாதீர்கள். ஏழாவது வந்ததும் 'சூரியன், காற்று, பறவைகள்' என்று நிரப்ப ஆரம்பிப்போம்.

ஒரு வரியை எப்படி எழுதுவது

நிதானமாகக் கற்க வேண்டியது இதுதான். 'என் தோழிக்கு நன்றி' என்பது வெறும் தலைப்பு. அதையே இப்படி எழுதலாம்: 'மதியம் கோப்பு தேடிக் களைத்து உட்கார்ந்திருந்தேன். கேட்காமலே டிபன் பாக்ஸைத் திறந்து பாதி எலுமிச்சை சாதத்தை என் மூடியில் வைத்தாள். வடு மாங்காயை மட்டும் தரவில்லை.' ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்த மூடி கண்முன்னே வரும், மாங்காய்க்காகச் சிரிப்பும் வரும்.

எழுதுமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். யார்? சரியாக என்ன செய்தார்? அதைச் செய்ய அவருக்கு என்ன செலவானது? செலவு என்றால் காசு மட்டும் இல்லை. நேரம், தூக்கம், வரிசையில் பிடித்த இடம், சில சமயம் கௌரவம். இந்த மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டுக்கும் உயிர் கொடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ரேஷன் கடையில் நமக்கும் சேர்த்துத் துண்டு போட்டு வைத்தார் என்றால், பின்னால் நின்ற நாலு பேரிடம் பேச்சு வாங்கியிருப்பார். அதையும் எழுத வேண்டும்.

நாலாவதாக ஒரு கேள்வி, முடிந்தபோது: இது ஏன் நடந்தது? மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளரின் குழுவினர் 2005ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவு அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களையும் ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் எழுதச் சொன்னார்கள். ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது; வாரம் முடிந்த பிறகும் விடாமல் எழுதியவர்களுக்கு அது கூடுதலாகவே நின்றது. காரணம் தேடும்போது 'தானாக நடந்தது' என்று நினைத்த பலவற்றுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பது தெரியும்.

என் நோட்டில் ஜூலை மாதத்து ஒரு பக்கம், அப்படியே:

'கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. எதிர்வீட்டுப் பாட்டி பனையோலை விசிறியை ஜன்னல் வழியாக நீட்டினார். "வச்சுக்கோ கண்ணு, எனக்குப் பழக்கந்தான்." அவரும் வியர்த்துக்கொண்டுதான் இருந்தார்.'

'குக்கர் விசில் வரவில்லை. புது குக்கர் வாங்கத்தான் போனேன். கடைக்காரர், "எதுக்கும்மா புதுசு, ரப்பரை மாத்துங்க, ஓடும்" என்றார். 60 ரூபாய். 2,000 ரூபாய் வியாபாரத்தை அவரே விட்டார்.'

'அப்பா போனில் பேசும்போது இருமவில்லை.'

மூன்றாவது குறிப்பில் ஆளும் இல்லை, செலவும் இல்லை. பரவாயில்லை, விதியை எப்போதாவது மீறலாம். ஆனால் மூன்றிலும் 'மிகவும்', 'அளவில்லாத', 'மனமார்ந்த' எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தச் சொற்கள் வாழ்த்து அட்டைக்கு. நோட்டில் ஒரு மணி, ஒரு விலை, ஒரு பேச்சு போதும்.

ஒன்றும் தோன்றாத நாள்

வரும். அன்று கூட்டல் வேண்டாம், கழித்துப் பாருங்கள். இருப்பதில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் என்று யோசிப்பது. 2008ல் வெளிவந்த ஓர் ஆய்வில், துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்க எத்தனை வாய்ப்பு இருந்தது என்று எழுதியவர்களுக்குத்தான் உறவில் திருப்தி கூடியது.

சென்னைக்காரர்களுக்கு இதற்குக் கற்பனைகூட வேண்டாம், 2019 ஜூனை நினைத்தால் போதும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு கிடந்தன. தெருமுனையில் மெட்ரோ தண்ணீர் லாரிக்காகப் பிளாஸ்டிக் குடங்கள் இரவிலிருந்தே வரிசையில் நிற்கும். குடம் நகராமலிருக்க உள்ளே ஒரு கல். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. இன்று குழாயைத் திறக்கிறோம், வருகிறது. ஒன்றும் தோன்றாத ஒருநாள் நான் எழுதியது இவ்வளவுதான்: 'குளித்து முடிக்கும் வரை தண்ணீர் நிற்கவில்லை. வாளியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலே குளித்தேன்.'

அதுவும் வராவிட்டால் தேதியை மட்டும் போட்டுவிட்டுத் தூங்குங்கள். சண்டை போட்ட நாள், சாவு விழுந்த நாளெல்லாம் நன்றியைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைச் சொல்வதில்லை. நன்றியை நம் வாயை அடைக்கவும் பயன்படுத்துவார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மூன்று மாதம் சம்பளம் தாமதமானது. கேட்கப்போனால், 'வேலை இருக்கிறதே, அதற்கு நன்றியோடு இருங்கள்' என்று பதில் வந்தது. மருமகள்களுக்குக் காலங்காலமாகச் சொல்லப்படுவதும் இதுதான். நமக்குச் சேர வேண்டியது வரவில்லை என்றால் அது நன்றிக் கணக்கில் வராது, பாக்கிக் கணக்கில் வரும். கேட்டு வாங்க வேண்டும். அன்றைக்கு நான் நோட்டில் எழுதியது, என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுத்த மூன்று பேரின் பெயர்களை.

பொருள்களுக்கும் ஒரு பக்கம்

எளிய வாழ்க்கைக்கு இந்த நோட்டு நேரடியாக உதவுவது இங்கேதான். ஆயுத பூஜை அன்று மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் சைக்கிளுக்கும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். வருடத்தில் ஒருநாள் அவை நமக்கு உழைத்ததை ஒப்புக்கொள்கிறோம். தீபாவளி தள்ளுபடி விளம்பரம் வந்ததும் அதே மிக்ஸி பழசாகத் தெரிகிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்பக்கமாக 'வாங்கணும்' என்று ஒரு பட்டியல் போடுங்கள். வாங்க ஆசை வந்த பொருள், விலை, தேதி. அதற்கு எதிரே, இப்போது வீட்டில் அந்த வேலையை எது செய்கிறது என்று எழுத வேண்டும். 'ஏர் ஃபிரையர், 6,000' என்பதற்கு எதிரே நான் எழுதியது: 'அம்மாவின் இரும்புச் சட்டி. வாழைக்காய் வறுவல் இதில்தான் மொறுமொறுவென்று வருகிறது.' ஒரு மாதம் பொறுத்துப் பார்த்து, இன்னும் வேண்டும் என்றால் வாங்குங்கள். நான் சிலவற்றை வாங்கியும் இருக்கிறேன். குனிந்து பெருக்க முடியாமல் போனபோது நீளக் கைப்பிடித் துடைப்பம் வாங்கியதற்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் பட்டியலில் பாதிக்கு மேல், மாதம் முடியும்போது எதற்கு ஆசைப்பட்டேன் என்றே நினைவில்லை.

பழுது பார்த்ததையும் இங்கே எழுதுங்கள். மிக்ஸி ஜாருக்கு புஷ் மாற்றியது, செருப்புக்கு வார் தைத்தது, குடைக்கம்பி போட்டது. தைத்தவர் எந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதோடு எழுதி வைத்தால் அடுத்த முறை தேட வேண்டாம்.

எழுதியதைச் சொல்லிவிடுவது

நம் ஊரில் அம்மாவிடம் 'நன்றி' என்று சொன்னால் உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். தேங்க்ஸ் என்றால் அந்நியம், நன்றி என்றால் மேடை. அதனால் சொல்லை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்வதுதான் எளிது. மழைநாள் குறிப்பை எழுதி ஒரு வாரம் கழித்துப் பால்காரரிடம் சொன்னேன்.

"அண்ணே, போன வாரம் அந்த மழையில வந்தீங்கல்ல..."

"என்னம்மா, பாக்கெட் ஒழுகிடுச்சா?"

"இல்லண்ணே. அவ்வளவு மழையிலயும் நேரத்துக்கு வந்தீங்களேன்னு சொல்ல வந்தேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, "உங்க தெருவுல தண்ணி முழங்கால் வரைக்கும்மா" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அவருக்கு என்ன செலவானது என்ற பகுதியை அன்று இரவுதான் என்னால் நிரப்ப முடிந்தது.

மேலே சொன்ன 2005 ஆய்வில், ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதி நேரில் போய்க் கொடுத்தவர்களுக்குத்தான் உடனடிச் சந்தோஷம் மிக அதிகமாக இருந்தது. ஆனால் அது ஒரு மாதம் வரைதான் தாங்கியது. ஆகவே நோட்டும் தொடரட்டும். மாதத்துக்கு ஒரு குறிப்பை அதற்குரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். தூரத்தில் இருப்பவர் என்றால் போன். இறந்துபோனவர் என்றால் அவர் பிள்ளைகளிடம் சொல்லலாம், அவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்காது.

மாதக் கடைசியில்

பால் கணக்கைக் கூட்டும் நாளில் நன்றிக் கணக்கையும் புரட்டுங்கள். பத்து நிமிட வேலை. யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, யார் பெயர் வரவே இல்லை என்று மட்டும் பாருங்கள். முதல் மூன்று மாதம் என் நோட்டில் கடைக்காரர், பாட்டி, கண்டக்டர், பேங்க் வாட்ச்மேன் எல்லோரும் இருந்தார்கள். என் கணவர் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. தினமும் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கீழிருந்து இரண்டு மாடி தூக்கி வருகிறவர் அவர்தான். தினமும் நடப்பதால் கண்ணில் படவில்லை. அதைப் படித்துக் காட்டினால், 'கேன் கணக்கையும் அதிலேயே எழுதிடு' என்றார். இப்போது அதுவும் அதில்தான் இருக்கிறது.

விட்டுப்போன நாள்களுக்கு மன்னிப்பு எழுதாதீர்கள், பின்தேதியிட்டு நிரப்பவும் செய்யாதீர்கள். இன்றைய தேதியைப் போட்டு இன்றைய வரியை எழுதுங்கள்.

நோட்டு தீர்ந்தால்? பத்திரப்படுத்தி அடுக்கினால் அதுவும் ஒரு சுமையாகும். நான் இரண்டு மூன்று பக்கங்களை மட்டும் கிழித்து அடுத்த நோட்டின் அட்டைக்கு உள்ளே ஒட்டிக்கொள்கிறேன். மனிதர்களின் பெயர் இருப்பதால் மற்ற தாள்களைக் கிழித்துப்போட்ட பிறகுதான் பழைய பேப்பர்காரரிடம் போடுவது. முதல் நோட்டு போன தடவை செய்தித்தாள் கட்டோடு தராசில் ஏறியது. இரண்டாவது நோட்டின் அட்டைக்குள்ளே பனையோலை விசிறிப் பக்கம் ஒட்டியிருக்கிறது, விசிறியை இன்னும் பாட்டியிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.